ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆளாளுக்கு சாப்ட்வேர் ஏற்றுகிறார்கள், எப்படித் தடுப்பது?

மார்த்தாண்டத்தில் ஆடிட்டர் ஆபீஸ் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆபீஸில் 12 கம்ப்யூட்டர். வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆளாளுக்குத் தோன்றியதை டவுன்லோடு செய்து ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு மெஷின் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஒன்றில் பிரவுசரைத் திறந்தாலே விளம்பரமாகக் கொட்டுகிறது. இதைத் தடுக்க எந்த சாப்ட்வேர் வாங்க வேண்டும்?

வாங்க ஒன்றுமில்லை. உங்களுக்குத் தேவையானது பெரும்பாலும் விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. இந்த மெஷின்களில் எது இருக்கலாம், எது கூடாது என்று நான் மட்டும் முடிவு செய்ய வேண்டும் என்பது ஒன்று. அதற்காக நானே ஒவ்வொரு மெஷினாக ஓடிக்கொண்டிருக்கவும் முடியாது என்பது இன்னொன்று. முதலாவதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். இரண்டாவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் நடுவே 17 வருடமாக இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். நான் பார்த்ததில் பெரிய ஆபீஸ் என்றால் 40 மெஷின். 200, 300 மெஷினும் தனி சர்வரும் உள்ள இடங்களின் வழக்கம் வேறு. அங்கே இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.

விண்டோஸை முதன்முதலில் ஏற்றும்போது உருவாகும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. கடைக்காரர் அதை "ஆபீஸ்" என்றோ "பிசி" என்றோ பெயர் வைத்துத் தந்துவிடுவார், அதிலேயே பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேலை செய்வார்கள். எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது திரை மங்கி "இந்த ஆப் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா" என்று கேட்குமே, அந்த இடத்தில் அட்மின் கணக்குக்கு "ஆம்", "இல்லை" என்ற பொத்தான்கள் மட்டும் வரும், "ஆம்" என்று அமுக்கினால் போதும். சாதாரணக் கணக்காக இருந்தால் அதே இடத்தில் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி அந்த ஒரு பெட்டியில் தீர்ந்துவிடும். 2007-இல் விஸ்டாவோடு வந்த ஏற்பாடு இது, ஹோம் பதிப்பிலும் உண்டு. ஆனாலும் நான் போகும் பத்து ஆபீஸில் எட்டிலாவது எல்லோருமே அட்மின்தான்.

செய்முறை சுலபம். ஒவ்வொரு மெஷினிலும் புதிதாக ஒரு அட்மின் கணக்கை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, ஒருமுறை அதற்குள் போய்ப் பாருங்கள். அது ஒழுங்காகத் திறக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பழைய கணக்கை ஸ்டாண்டர்டு, அதாவது சாதாரணக் கணக்கு, என்று மாற்ற வேண்டும். வரிசை தவறினால் வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே போட்ட கதைதான். 12 மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காதீர்கள், ஒன்று வெளியே போனால் பன்னிரண்டும் போச்சு. சர்வரோ மைக்ரோசாப்ட் கிளவுடோ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாஸ்வேர்டுகளைத் தானாக மாற்றித் தரும் லாப்ஸ் என்ற வசதி விண்டோஸிலேயே வந்துவிட்டது. உங்களுக்கு ஒரு நோட்டும், அதைப் பூட்டி வைக்க ஒரு பீரோவும் போதும்.

இதோடு முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். தக்கலைப் பக்கம் ஓர் ஆபீஸில் ஒரு வெள்ளிக்கிழமை 9 மெஷினையும் இப்படி மாற்றிவிட்டு நிம்மதியாக வந்துவிட்டேன். அடுத்த வாரம் 20-ஆம் தேதி. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு 20-ஆம் தேதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம், ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். நான் திருவனந்தபுரம் பஸ்ஸில் களியக்காவிளை தாண்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "சார், டிஎஸ்சி எடுக்கல்ல, எம்சைனர் பாஸ்வேர்டு கேக்குது, கிளையன்ட் முன்னாலேயே இருக்காங்க." கம்பெனி கணக்குகளுக்கு டிஎஸ்சி எனும் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம், ஓடிபியை வைத்து ஒப்பேற்ற முடியாது. அந்தக் கையெழுத்தைப் போட உதவும் எம்சைனர் என்ற சாப்ட்வேரை அட்மினாக ஓட்டினால்தான் ஜிஎஸ்டி போர்ட்டல் அதைக் கண்டுகொள்ளும் என்ற நிலை. வேறு வழி தெரியாமல் பஸ்ஸுக்குள் இருந்து சத்தமாக ஒவ்வொரு எழுத்தாகப் பாஸ்வேர்டைச் சொன்னேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் எதற்கெல்லாம் அட்மின் அனுமதி வேண்டியிருக்கிறது என்று ஒரு வாரம் கூட இருந்து பார்க்காமல் பூட்டியது என் தப்பு.

அதனால் ஆடிட்டர் ஆபீஸ் என்றால் நான் இப்போது செய்வது இது. டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், பென்டிரைவ் மாதிரியான டிஎஸ்சி டோக்கனைச் செருகுவதற்கென்று ஒரு மெஷினை ஒதுக்கிவிடுவேன். டோக்கன் டிரைவர், எம்சைனர், வருமான வரித் தளத்துக்கு வேண்டிய எம்பிரிட்ஜ் எல்லாம் அதில் மட்டும். அதற்குத் தனியாக ஓர் அட்மின் கணக்கு, பாஸ்வேர்டு உங்களுக்கும் மூத்த பணியாளர் ஒருவருக்கும் மட்டும் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கில் மெயில் பார்ப்பது, வாட்ஸாப் வெப் திறப்பது எதுவும் கிடையாது. இது முழுச் சுத்தமான ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். ஒரு மெஷினில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தே விட்டுவைத்து, மற்ற பதினொன்றையும் அடைக்கிறோம். யாருக்காவது போனில் பாஸ்வேர்டைச் சொல்ல நேர்ந்தால் அன்று ராத்திரியே மாற்றிவிடுங்கள்.

இனி அட்மின் உரிமையைப் பறித்த பிறகும் தப்பிப் போகிறவை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. சாதாரணக் கணக்கால் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில்தான் எழுத முடியாது. தன் சொந்த ஃபோல்டரில் எதையும் எழுதலாம். குரோம், ஜூம் போன்றவை அட்மின் அனுமதி கிடைக்காவிட்டால் அந்தக் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குரோமுக்கு அது வசதி. விளம்பரம் கொட்டும் குப்பைகளும் அதே கதவு வழியாகத்தான் வருகின்றன. இன்ஸ்டாலே செய்யாமல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ நேரடியாக ஓடும் போர்ட்டபிள் ரகமும் உண்டு. எனிடெஸ்க் அப்படி ஓடும். பிரவுசருக்குள் ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் என்ற குட்டி சாப்ட்வேர்கள் இன்னொரு வகை. உங்கள் மெஷினில் விளம்பரம் கொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனாகவோ, ஏதோ ஒரு தளத்துக்குக் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதியாகவோ இருக்கும். மெஷினைப் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முதலில் அந்த இரண்டு இடத்தைத்தான் பார்ப்பேன்.

ஃபோல்டர் வழியை அடைக்க ஆப்லாக்கர் என்ற வசதி விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது. எண்டர்பிரைஸ் பதிப்பில்தான் வேலை செய்யும் என்று பழைய கட்டுரைகள் சொல்லும். இப்போது விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புக்கு மேலும், விண்டோஸ் 11 முழுக்கவும் அந்தத் தடையை மைக்ரோசாப்ட் எடுத்துவிட்டது. அதை அமைக்கும் லோக்கல் செக்யூரிட்டி பாலிசித் திரை புரோ பதிப்பில் இருக்கிறது, ஹோமில் இல்லை. இதன் தத்துவம் எளிது. விண்டோஸ் ஃபோல்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸிலும் இருப்பது ஓடலாம், வேறு எங்கிருந்தும் எதுவும் ஓடக்கூடாது, அட்மின் மட்டும் விதிவிலக்கு. அந்த இரண்டு ஃபோல்டரிலும் பொதுவாகப் பணியாளரால் எழுத முடியாது. எழுத முடிகிற இடத்திலிருந்து எதையும் ஓட்ட முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் பூட்டு.

ஆனால் இதை முதல் நாளே அமலுக்குக் கொண்டுவந்தால் உங்களுக்கும் ஒரு களியக்காவிளைப் போன் வரும். 'டிஃபால்ட் ரூல்ஸ்' என்பதை எக்ஸிகியூட்டபிளுக்கும் (.exe ஃபைல்கள்), 'பேக்கேஜ்டு ஆப்ஸ்' என்பதற்கும் மறக்காமல் உருவாக்குங்கள். பின்னதை விட்டுவிட்டு முன்னதை மட்டும் அமலாக்கினால் ஸ்டோர் வகை ஆப்புகள் எல்லாம் சேர்ந்து முடங்கும், செட்டிங்ஸ்கூடத் திறக்காமல் நிற்கலாம். அப்ளிகேஷன் ஐடென்டிட்டி என்ற சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ரூல் எழுதியும் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு மாதம் 'ஆடிட் ஒன்லி' நிலையில் விடுங்கள். எதையும் தடுக்காது, தடுத்திருந்தால் எது மாட்டியிருக்கும் என்று மட்டும் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 8003 என்ற எண்ணில் எழுதிவைக்கும். அமலான பின் உண்மையில் தடுக்கும்போது 8004 என்று வரும். ஏன் ஒரு மாதம் என்கிறேன் என்றால், உங்கள் தொழிலில் 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-இல் ஜிஎஸ்டிஆர் 1, 20-இல் 3பி என்று ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கருவி வெளியே வரும். ஒரு சுற்று முடியாமல் பட்டியல் முழுமையாகாது.

டேலியை டி டிரைவில் போட்டிருப்பவர்கள் அதிகம், உங்கள் ஆபீஸிலும் அப்படி இருந்தால் கவனியுங்கள். "டி டிரைவில் அந்த ஃபோல்டர் ஓடலாம்" என்று பாதையைச் சொல்லி அனுமதி கொடுத்தால், பிள்ளைகளால் எழுத முடிகிற அந்த ஃபோல்டருக்குள் வேறு எதை இழுத்துப் போட்டாலும் அதுவும் ஓடும். புரோகிராமைப் புரோகிராம் ஃபைல்ஸுக்கு மாற்றி, டேட்டாவை மட்டும் வெளியே வைப்பது நல்லது. முடியாவிட்டால் பாதைக்குப் பதில் வெளியீட்டாளரின் டிஜிட்டல் கையெழுத்தை வைத்து ரூல் எழுதுங்கள். எக்ஸ்டென்ஷன்களுக்கு குரோமின் பாலிசியிலேயே வழி இருக்கிறது. தடைப்பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் தடை, வேண்டியதை மட்டும் அனுமதிப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தால் யாராலும் எதுவும் ஏற்ற முடியாதா? முடியும். ஆப்லாக்கரை முழுப் பாதுகாப்பு அரணாக மைக்ரோசாப்டே கணக்கில் எடுப்பதில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே சாதாரணக் கணக்கு எழுதக்கூடிய சில மூலைகள் உண்டு, விவரம் தெரிந்தவன் அதைப் பிடித்துக்கொள்வான். பென்டிரைவில் லினக்ஸ் போட்டு மெஷினைத் திறந்து அட்மின் பாஸ்வேர்டையே மாற்றவும் முடியும். விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் பயாஸுக்குப் பாஸ்வேர்டும், டிஸ்கையே பூட்டும் பிட்லாக்கரும் போட்டால் அதுவும் கஷ்டமாகும், பிட்லாக்கர் மீட்புச் சாவியை அந்த மெஷினுக்குள்ளேயே வைக்காமல் இருந்தால் சரி. ஆனால் உங்கள் ஆபீஸில் அப்படி மெனக்கெடும் ஆள் இருப்பாரா? இருந்தால் அது கம்ப்யூட்டர் பிரச்சினை அல்ல. நாம் தடுக்கப் பார்ப்பது வேலை அவசரத்தில் கூகுளில் முதலில் வந்ததை அமுக்குபவரை.

அந்த அவசரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சில வருடம் முன்னால் வேறோர் ஆபீஸிலிருந்து காலை ஒன்பதரைக்குக் கூப்பிட்டார்கள். எக்செல் ஃபைல் எதுவும் திறக்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது, ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி, 490. ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர்களில் ஸ்டாப் தேஜாவு என்கிற வகையின் ஓலை அது. பெரும்பாலும் கிராக், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு சாப்ட்வேர், மூலமாகப் பரவுவது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். பி.டி.எஃப். எடிட்டர் ஒன்றின் கிராக், பாஸ்வேர்டு போட்ட ஜிப். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆன்ட்டிவைரஸ் எட்டிப் பார்க்காமலிருக்கத்தான் அந்தப் பாஸ்வேர்டு. கூடவே ஒரு குறிப்பு: இன்ஸ்டால் செய்யுமுன் ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்யவும். அதையும் செய்திருக்கிறார்கள், அட்மின் கணக்கு ஆயிற்றே. அந்த மெஷினில் இருந்த பெண், அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நான் வேற ஒண்ணும் செய்யல்ல சார், ஃபைல் 5 எம்பிக்கு மேல இருந்தா போர்ட்டல் எடுக்காது, சுருக்கதுக்கு ஒண்ணு போட்டேன்." முதல் நாள் வரைக்குமான பேக்கப் தனியாக ஒரு ஹார்டு டிஸ்கில், வயரைப் பிடுங்கி வைத்த நிலையில் இருந்தது. அதனால் பிழைத்தோம். இப்போது இப்படி ஒன்று நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் தர வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு இருக்கிறது, அதையும் நினைவில் வையுங்கள்.

நான் அன்றிலிருந்து பிடித்துக்கொண்ட வழக்கம், பூட்டு போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு மெஷினிலும் ஏற்றியிருப்பதன் பட்டியலை எடுத்து, ஏற்றியவரிடமே "இது எதுக்கு?" என்று கேட்பது. அதட்டாமல் கேட்டால் பதில் வரும். பெரும்பாலும் நான்கைந்து தேவைதான். பி.டி.எஃப். சேர்க்க, பிரிக்க, சுருக்க. ஜிப் திறக்க. தமிழ் டைப் அடிக்க. தூரத்தில் உள்ள கிளையன்டின் மெஷினைப் பார்க்க. பாட்டு கேட்க. முதல் மூன்றுக்கும் காசில்லாமல் நேர்மையான வழி உண்டு. சேர்க்கவும் பிரிக்கவும் பி.டி.எஃப்.சாம் பேசிக், சுருக்குவதற்கு பி.டி.எஃப்.24, ஜிப்புக்கு 7-ஜிப். இவை ஆபீஸ் பயன்பாட்டுக்கும் இலவசம். இலவசம் என்று நினைத்து எல்லோரும் ஓட்டும் எனிடெஸ்கும் டீம்வியூவரும் தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டுமே இலவசம், ஆபீஸுக்கு லைசென்ஸ் வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும் குயிக் அசிஸ்ட் பல சமயம் போதும்.

தமிழ் டைப்பிங்கைக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூர் ஆபீஸ்களில் சந்தேகத்துக்குரிய ஃபான்ட் பொதிகளும் கீபோர்டு சாப்ட்வேர்களும் இந்த வழியாகத்தான் நுழைகின்றன. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் ஃபோனெட்டிக் கீபோர்டு 2019 மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-இலேயே இருக்கிறது, தனியாக எதுவும் ஏற்ற வேண்டாம். ஆனால் டைப்ரைட்டிங் லோயர், ஹயர் முடித்து வந்த அக்காமாரிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள், விரல் ஓடாது. அவர்களுக்கு என்எச்எம் ரைட்டரை நீங்களே ஏற்றிக் கொடுங்கள், பழைய டைப்ரைட்டர் முறை, பாமினி, தமிழ்99 எல்லாம் அதில் உண்டு. கொடுக்காவிட்டால் அவர்கள் தேடிக்கொள்வார்கள்.

பூட்டு மட்டும் போட்டு, தேவையைக் கொடுக்காவிட்டால் இன்னொன்றும் நடக்கும். பி.டி.எஃப். சுருக்க சாப்ட்வேர் ஏற்ற முடியாது என்றதும் அந்தப் பெண்ணைப் போன்ற ஒருத்தி ஏதாவது ஒரு வெப்சைட்டில் ஃபைலை ஏற்றிச் சுருக்குவாள். உங்கள் கிளையன்டின் பான் நம்பரும் பேங்க் ஸ்டேட்மென்டும் எந்த நாட்டு சர்வரிலோ போய்க் கிடக்கும். ஆப்லாக்கரில் ஒரு 8004 கூட வராது. கண்ணில் பட்டுக்கொண்டிருந்த தவறைக் கண்ணில் படாத தவறாக மாற்றியதுதான் மிச்சம்.

ஆகவே, வேண்டியதைக் கேட்க ஒரு வழி வையுங்கள். உங்கள் ஆபீஸ் வாட்ஸாப் குழுவே போதும். "இன்ன வேலைக்கு இன்னது வேணும்" என்று போட்டால் அன்றைக்கே ஆம் அல்லது இல்லை என்று பதில் போக வேண்டும். மூன்று நாள் இழுத்தடித்தால் நான்காம் நாள் யாரும் கேட்கமாட்டார்கள். பணியாளர் திரையைப் படம்பிடிக்கும் கண்காணிப்பு சாப்ட்வேரைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். 12 பேர் உள்ள, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ஆபீஸுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி, பிடிக்காதவர்கள் மாறுபடலாம்.

சங்கடமான ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்த 12 மெஷினில் எத்தனையில் விண்டோஸும் ஆபீஸும் ஒரிஜினல்? அசெம்பிள் செய்து தந்தவர், லைசென்ஸ் இல்லாமலே ஓடவைக்கும் ஆக்டிவேட்டர் போட்டுத் தந்திருந்தால், உங்கள் ஆபீஸின் முதல் அனுமதியில்லாத சாப்ட்வேர் அதுதான். பிள்ளைகளிடம் நோட்டீஸ் ஒட்டுமுன் அதைச் சரிசெய்யுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 63பி பிரிவில், திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. எப்படியும் சில மெஷினை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போது ஹோம் வேண்டாம், புரோ என்று கேட்டு வாங்குங்கள்.

வேலையைத் தொடங்க நல்ல நாள் 22-ஆம் தேதிக்கு மேல். முதலில் உங்கள் சொந்த மெஷினில் உங்கள் கணக்கையே ஸ்டாண்டர்டாக மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு இழுத்துக்கொண்டு கிடக்கும் அந்த இரண்டும், அதன் பின் மற்றவை. டிஎஸ்சி மெஷினைக் கடைசியாகத் தொடுங்கள், அதற்குள் மாதம் திரும்பி 15 தாண்டிவிட்டால் அடுத்த 22 வரைக்கும் அது அப்படியே கிடக்கட்டும்.